பதின்மூன்று ஜன்னல், பதின்மூன்று ஒன்று

கோத்தகிரி பக்கம் பச்சைத்தேயிலை வாங்கும் ஒரு சின்ன ஃபேக்டரியில் அப்பா இருபத்தெட்டு வருடம் கணக்கு எழுதினார். ஃபேக்டரி மூடி ரொம்ப நாளாகிறது. போன ஐப்பசியில் அதன் ஆபீஸ் அறையைக் காலி செய்தார்கள். சாமானெல்லாம் காயலான் கடைக்குப் போனது. கடைக்காரர் தெரிந்தவர். "உங்கப்பா சுத்திட்டு இருப்பாருல்ல, அந்தக் கணக்கு மிஷின் வந்திருக்குங்க. இரும்பு விலைக்கே எடுத்துக்கங்க" என்று போன் செய்தார். தராசில் வைத்தால் ஐந்தரை கிலோ. பேரம் பேசாமல் சாக்கில் சுற்றிக்கொண்டு மழையில் நனைந்தபடி வீட்டுக்கு வந்தேன்.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம். மேலே பத்து லீவர்கள், ஒவ்வொன்றையும் 0 முதல் 9 வரை இழுத்து வைக்கலாம். வலது பக்கம் ஒரு கைப்பிடி. முன்னால் ஒரு சுற்று சுற்றினால், லீவரில் வைத்த எண் கீழே விடை ஜன்னல்களில் கூடிவிடும். பின்னால் சுற்றினால் கழியும். விடைக்கு 13 ஜன்னல். எத்தனை சுற்று சுற்றினோம் என்று எண்ணிக் காட்ட இன்னொரு பக்கம் 8 ஜன்னல். இந்த இரண்டு வரிசையும் ஒரு பெட்டியில் இருக்கின்றன. அந்தப் பெட்டி பக்கவாட்டில் நகரும். ஓர் இடம் நகர்த்தினால் பத்தால் பெருக்கிய மாதிரி. வண்டி என்றுதான் அப்பா அதைச் சொல்வார். விடை சுழியத்துக்குக் கீழே இறங்கினால் டிங் என்று மணி அடிக்கும்.

ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் வேலை பார்த்த ஒட்னர் என்ற ஸ்வீடன் நாட்டுக்காரர் 1870களில் கண்டுபிடித்த அமைப்பு இது. உள்ளே இருக்கும் சக்கரத்தில் லீவரை 7-க்கு இழுத்தால் ஏழு பல் வெளியே வரும், 3-க்கு இழுத்தால் மூன்று. அவ்வளவுதான் சூட்சுமம். நம் ஊர் மலை ரயில் கல்லாறு தாண்டியதும் பல்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறதே, அதுபோலப் பல்லைப் பல் தள்ளுகிற வேலைதான். இங்கே பல் எத்தனை என்பதை நாம் முடிவு செய்கிறோம்.

என் கைக்கு வந்தபோது கைப்பிடி கால் சுற்றுக்கு மேல் நகரவில்லை. அடித்தட்டைக் கழற்றினால் உள்ளே கறுப்பாக, வெல்லப்பாகு ஆறிப்போன மாதிரி பழைய கிரீஸ். பாதித் துரு, பாதித் தேயிலைத் தூசி. இங்கே ஈரத்தில் மூன்று மாதம் பீரோவைத் திறக்காவிட்டால் பெல்ட்டிலேயே பூஞ்சை பூக்கும். இது எத்தனை வருடம் கிடந்ததோ.

முதல் தப்பை அன்றைக்கே செய்தேன். மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை என்று பெட்ரோலில் ஊறவைத்துவிட்டேன். கிரீஸ் கரைந்தது, கூடவே ஆறாவது விடை ஜன்னலில் இலக்கங்களின் வெள்ளைப் பெயின்ட்டும் பாதி கரைந்தது. இன்றுவரை அந்த ஜன்னலில் 8 பார்க்க 3 மாதிரிதான் இருக்கும். பெயின்ட் உள்ள எந்தப் பாகத்தையும் பெட்ரோல் பக்கம் கொண்டுபோகாதீர்கள். மற்றதையெல்லாம் பிறகு மண்ணெண்ணெயில் பல் துலக்கும் பிரஷ் வைத்துத் தேய்த்தேன். இரண்டு நாள் உலரவிட்டு, தையல் மிஷின் ஆயிலை ஊசி முனையால் தொட்டுத் தொட்டு வைத்தேன். ஊற்றக் கூடாது. ஊற்றினால் மறுபடி தூசி ஒட்டி அடுத்த பாகு காய்ச்ச ஆரம்பித்துவிடும்.

நான்காம் நாள் கைப்பிடி முழுச் சுற்று சுற்றியது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அதே சத்தம்" என்றாள்.

சரி, ஓடுகிறது. ஒழுங்காகக் கூட்டுகிறதா? மகாராஷ்டிராவில் தேவ்லாலி பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்த கப்ரேக்கர், ஒன்றுகளாலேயே ஆன எண்களின் வர்க்கத்துக்கு டெம்லோ எண்கள் என்று பெயர் வைத்தார். ஏழு ஒன்றுகளை எழுதி அதையே அதால் பெருக்கினால் 1234567654321. எண்ணிப் பாருங்கள், சரியாகப் பதின்மூன்று இலக்கம். இந்த மிஷினுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி. லீவர்களில் 1111111 வைத்து, ஒரு சுற்று, வண்டியை ஓர் இடம் நகர்த்து, ஒரு சுற்று, நகர்த்து. ஏழு சுற்றில் ஜன்னல்களில் படிக்கட்டு ஏறி இறங்கியது. ஒரு பிசகும் இல்லை.

அடுத்து எல்லா ஜன்னலும் ஒரே நேர்கோட்டில் நிற்கிறதா என்று பார்க்க எல்லாவற்றிலும் 1 கொண்டுவந்தேன். பத்து லீவரிலும் 1 வைத்து ஒரு சுற்று. பிறகு வண்டியை மூன்று இடம் நகர்த்தி, இடது ஓரத்து மூன்று லீவரில் மட்டும் 1 வைத்து இன்னொரு சுற்று. பதின்மூன்று ஜன்னலிலும் ஒன்று. 1111111111111. வாய்விட்டுச் சொன்னால் ஒரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொரு கோடியே பதினொரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று.

அந்த நேரம் பார்த்து, கீழ் லைனில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒரு பொட்டலம் வர்க்கி பிஸ்கட்டோடு வந்தார். ஜன்னலைக் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது பகா எண்ணா?" என்றார்.

"தெரியலைங்க சார்."

"மிஷின் எதுக்கு இருக்கு? கேளுங்க. போனை எடுக்கக் கூடாது, ஆமா."

இப்படித்தான் ஆரம்பித்தது. ஒன்றுகளால் மட்டுமே ஆன எண்களில் பகா எண்கள் ரொம்பக் குறைவு. 11 ஒன்று. அப்புறம் 19 ஒன்றுகள், 23 ஒன்றுகள். அதற்கு மேல் 317, 1031 என்று எங்கோ போய்விடும். ஒன்றுகளின் எண்ணிக்கையே பகா எண்ணாக இல்லாவிட்டால் அந்த எண் நிச்சயம் உடையும். ஆறு ஒன்றுகளை மூன்று மூன்றாகப் பிரித்தால் 111 × 1001 என்று கண்ணுக்கே தெரிகிறது. 13 பகா எண், அதனால் அந்தக் குறுக்கு வழி கிடையாது. 19-உம் 23-உம் உடையாதபோது 13 மட்டும் உடையும் என்று எதை வைத்துச் சொல்வது? வகுத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் எதை எதையெல்லாம் வைத்து வகுப்பது? இந்த எண்ணின் வர்க்கமூலம் பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. அதுவரை உள்ள பகா எண்கள் எழுபத்தெட்டாயிரத்துக்கு மேல். ஒரு வகுத்தலுக்கு முப்பது நாற்பது சுற்று என்றால் கை கழன்றுவிடும்.

இங்கேதான் சார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். 1-ஐ ஒரு பகா எண்ணால் வகுத்துத் தசமத்தில் எழுதிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் இலக்கங்கள் திரும்ப வர ஆரம்பிக்கும். ஏழுக்கு 142857, ஆறு இலக்கச் சுழற்சி. ஒரு பகா எண் பதின்மூன்று ஒன்றுகளை மீதியில்லாமல் வகுத்தால், அதன் ஒன்பது மடங்கான பதின்மூன்று ஒன்பதுகளையும் வகுக்கும். பதின்மூன்று ஒன்பதுகளை வகுக்கிற எண்ணுக்குத் தசமம் பதின்மூன்றாவது இலக்கத்தில் மறுபடி தொடக்கத்துக்கு வந்தாக வேண்டும். 13 பகா எண் என்பதால், சுழற்சியின் நீளம் 13 அல்லது 1, நடுவில் எதுவும் கிடையாது. நீளம் 1 என்றால் அது 3 மட்டும்தான். நம் எண்ணின் இலக்கக் கூட்டல் 13, மூன்றால் வகுபடாது. ஆக, நீளம் 13.

இப்போது வகுக்கும்போது வரக்கூடிய மீதிகளை நினைத்துப் பாருங்கள். வகுக்கும் எண் 53 என்றால் 1 முதல் 52 வரை 52 மீதிகள். இவை எல்லாம் பதின்மூன்று பதின்மூன்றாகக் கைகோத்து வட்டம் போடுகின்றன. யாரும் தனியாக நிற்கக் கூடாது, எல்லா வட்டத்திலும் சரியாகப் பதின்மூன்று பேர். அப்படியானால் மொத்த எண்ணிக்கை பதின்மூன்றின் மடங்காக இருந்தே தீர வேண்டும். பகா எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் இரட்டைப்படை என்பதால், 26-இன் மடங்கு. அதாவது காரணி என்று ஒன்று இருந்தால் அது 26-இன் மடங்கோடு ஒன்று கூட்டிய எண்ணாகத்தான் இருக்கும். வேறு எதையும் தொட்டுப் பார்க்கவே வேண்டாம்.

எனக்கு இது பிடித்துப்போயிற்று. ஒரு பூட்டுக்கு எழுபத்தெட்டாயிரம் சாவி இருக்கிற கொத்தைக் கொடுத்துவிட்டு, இந்த நிறச் சாவியைத் தவிர மற்றதைத் தூக்கி எறி என்று சொன்ன மாதிரி.

முதல் எண் 27. பகா எண் அல்ல. அடுத்தது 53. லீவரில் 53 வைத்து, ஜன்னலில் பதின்மூன்று ஒன்றுகளைக் கொண்டுவந்து, இடது ஓரத்திலிருந்து கழிக்க ஆரம்பித்தேன். மணி அடிக்கும்வரை பின்னால் சுற்ற வேண்டும். அடித்ததும் முன்னால் ஒரு சுற்று சுற்றிச் சரிக்கட்ட வேண்டும். பிறகு வண்டியை ஓர் இடம் நகர்த்த வேண்டும். ஈவுக்கு எட்டு ஜன்னல்தான் என்பதால் பாதியில் நிறுத்தி எழுதிக்கொண்டு, லீவரில் 53-ஐ இடம் மாற்றி வைத்து இரண்டு தவணையாக முடித்தேன். ஈவு 20964360587. மீதி ஜன்னல்கள் அத்தனையும் சுழியம்.

முதல் சாவியிலேயே திறந்துவிட்டது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. 1-ஐ 53-ஆல் வகுத்துப் பார்த்தேன். 0.0188679245283, அதன் பிறகு மறுபடி 0188679245283. பதின்மூன்று.

அடுத்த எண் 79. 20964360587-ஐ 79-ஆல் வகுத்தேன். அதுவும் மீதியில்லை! ஈவு 265371653. அரை மணி நேரத்தில் எண் மூன்றாக உடைந்து கிடந்தது. இனி மிச்சம் இந்த ஒன்பது இலக்கம்தான். இது பகா எண்ணா, இதுவும் உடையுமா?

"இனிமேதான் வேலை தம்பி" என்று சொல்லிவிட்டு சார் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

265371653-இன் வர்க்கமூலம் 16290-ஐக் கொஞ்சம் தாண்டுகிறது. அதுவரை 26-இன் மடங்கோடு ஒன்று சேர்ந்த எண்கள் 626 இருக்கின்றன. மறுநாள் சார் இன்னொரு சல்லடையோடு வந்தார். 10-ஐப் பதின்மூன்று முறை பெருக்கி நம் காரணியால் வகுத்தால் மீதி 1 என்றால், பதினான்கு முறை பெருக்கினால் மீதி 10. ஆனால் பதினான்கு முறை என்பது ஏழு முறைப் பெருக்கத்தின் வர்க்கம். ஆக, நம் காரணியின் உலகத்தில், அதாவது அதால் வகுத்து வரும் மீதிகளை மட்டும் பார்த்தால், 10 ஒரு வர்க்க எண். எந்தெந்தப் பகா எண்ணுக்கு 10 வர்க்கமாகும் என்பதற்கு, ஜெர்மன் கணித மேதை கவுஸ் 1796இல், தன் பதினெட்டு வயதில், நிரூபித்த விதி ஒன்று பதில் சொல்கிறது: அந்தப் பகா எண்ணை 40-ஆல் வகுத்தால் 1, 3, 9, 13, 27, 31, 37, 39 இவற்றில் ஒன்றுதான் மீதி வர வேண்டும். விதியின் நிரூபணத்தை சார் இரண்டு தடவை விளக்கினார். இரண்டு தடவையும் பாதியில் வழி தவறினேன், மறைக்கவில்லை. ஆனால் 53-க்கு மீதி 13, 79-க்கு மீதி 39 என்று பார்த்ததும் விதிமேல் மரியாதை வந்துவிட்டது.

இந்தச் சல்லடையில் 131 போயிற்று, 313 போயிற்று. 626-இல் தங்கியது 252. அவற்றில் பகா எண் அல்லாதவற்றை அடித்தால் எண்பது பக்கம் மிஞ்சும். அடிக்கிற வேலைக்கு மட்டும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. 209 என்பது 11 × 19, 391 என்பது 17 × 23 என்று சின்னவை சீக்கிரம் விழுந்துவிடும். பெரியவை பாடாய்ப் படுத்தும். 16147-ஐ வெகுநேரம் பகா எண் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். 67 × 241.

சரி, கடைசியில் நோட்டில் ஒரு பட்டியல். ஒரே காரணி இரண்டு தடவை வரலாம் என்பதால் 53-ஐயும் 79-ஐயும் மறுபடி சேர்த்துக்கொண்டேன். பிறகு 157, 443, 521, 547, 599, 677, 911 என்று போகும்.

வேலை முடிந்து வந்து சாப்பிட்டு, எட்டரை மணிக்கு உட்கார்வேன். 53-க்கு மீதி 17. 79-க்கு மீதி 67. 157-க்கு 48. 443-க்கு 34. ஒவ்வொன்றுக்கும் ஒன்பதுகளைத் தள்ளிச் சரிபார்ப்பேன். அப்பா பேரேட்டில் செய்வது இதுதான்: இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போய் ஓரிலக்கமாக்குவது. 265371653-ஐக் கூட்டினால் 38, 11, 2. வகு எண்ணையும் ஈவையும் இப்படி ஓரிலக்கமாக்கிப் பெருக்கி, மீதியைக் கூட்டினால் கடைசியில் 2 வர வேண்டும். நான்குக்கும் வந்தது.

ஐந்தாவதாக 521. அன்றைக்கு மழை விட்டுப் பனிமூட்டம் இறங்கி நல்ல குளிர். ஈவு 509369, மீதி 404. ஒன்பது தள்ளினேன். 521 எட்டாகும், 509369 ஐந்தாகும், பெருக்கினால் நாற்பது, அது நான்காகும். 404 எட்டாகும். இரண்டையும் கூட்டினால் பன்னிரண்டு, அதாவது 3. வர வேண்டியது 2.

மறுபடி கூட்டினேன். 3. மறுபடி வகுத்தேன். இந்தத் தடவை ஈவு 509350, மீதி 303. ஒன்பது தள்ளினால் 2. ஒரே கேள்விக்கு இரண்டு பதில்.

எங்கே தவறியது என்று பார்க்க, தப்பான விடையைக் கையால் திருப்பிப் பெருக்கினேன். 521 × 509369, கூட்டு 404. வந்தது 265381653. நம் எண்ணை அருகில் எழுதினேன்: 265371653. வலமிருந்து ஐந்தாவது இலக்கத்தில் மட்டும் 7-க்குப் பதில் 8. சரியாகப் பத்தாயிரம் கூட. எங்கோ ஒரு தடவை ஐந்தாவது ஜன்னல் கடன் கொடுக்காமல் ஏமாற்றியிருக்கிறது.

அந்த இடத்தையும் கண்டுபிடிக்க முடிந்தது. ஈவில் நூறுகள் முடிந்தபோது ஜன்னலில் 26353 நிற்கும். பத்துகளில் கழிப்பது 5210. முதல் சுற்றில் 21143. இரண்டாவது சுற்றில் 15933 வர வேண்டும். ஆயிரம் இடத்தில் 1-இலிருந்து 5 போகாது, பத்தாயிரத்திடம் கடன் வாங்க வேண்டும். அங்கேதான் கடன் கிடைக்காமல் 25933 என்று நின்றிருக்கிறது. பிறகு நடந்ததெல்லாம் ஒழுங்கு. அப்படிப் போட்டுப் பார்த்தால் 509369-உம் 404-உம் அச்சு மாறாமல் வருகின்றன. ரிப்பேர் வேலையில் இந்த அளவுக்குத் தெளிவாக வாக்குமூலம் கொடுத்த மிஷினை நான் பார்த்ததில்லை. மிக்ஸி இப்படிப் பேசாது.

கடன் வாங்குவது உள்ளே எப்படி நடக்கிறது என்றால்: ஒரு ஜன்னலின் சக்கரம் 9-இலிருந்து 0-க்கோ 0-இலிருந்து 9-க்கோ தாண்டும்போது ஒரு சின்னச் சுத்தியலைத் தட்டும். அந்தச் சுத்தியல், சுழலும் உருளையில் உள்ள ஒரு குட்டி ஊசியைப் பக்கவாட்டில் நகர்த்தும். நகர்ந்த ஊசி அடுத்த சக்கரத்தை ஒரு பல் தள்ளிவிடும். ஊசிகள் ஒரே வரிசையில் இல்லை. சுருள் படிக்கட்டு மாதிரி ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் பிந்தி அமைந்திருக்கும், அப்போதுதான் கடன் ஒரு ஜன்னலிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று தொடர முடியும். கூட்டலுக்கு ஓர் ஊசி, கழித்தலுக்கு வேறோர் ஊசி. டெம்லோ சோதனையில் தப்பு ஏன் தெரியவில்லை என்பது இப்போது புரிந்தது. அது முழுக்கக் கூட்டல். கழித்தல் ஊசிகளை நான் சோதிக்கவே இல்லை.

மறுநாள் மத்தியானம் வெயிலில் வைத்துக் கழித்துப் பார்த்தால் இருபது தடவையும் சரி. ராத்திரி பத்து மணிக்கு நாலைந்து தடவையில் ஒன்று தப்பு. குளிர்ந்தால் மட்டும் வரும் நோய். அப்போதே விளங்கிவிட்டது: ஊசியின் துளைக்குள் பழைய கிரீஸ் இன்னும் இருக்கிறது. வெயிலில் இளகிவிடுகிறது, குளிரில் கெட்டியாகி ஊசியை நேரத்துக்கு நகரவிடுவதில்லை.

உருளையை வெளியே எடுப்பது பயமான வேலை. எடுத்தால் எல்லாப் பல்லும் தளர்ந்துவிடும். அதனால் எடுக்கவில்லை. கைப்பிடியைச் சுற்றி ஐந்தாம் ஊசி மேலே தெரியும் இடத்தில் நிறுத்தி, அம்மாவின் தையல் ஊசியை மண்ணெண்ணெயில் நனைத்துத் துளையின் ஓரத்தைச் சுரண்டினேன். பழுப்பாக ஒரு மெழுகு உருண்டை வந்தது, கடுகைவிடச் சின்னது. பிறகு ஊசியை விரல் நகத்தால் தள்ளிப் பார்த்தேன். தள்ளிய வேகத்தில் டக்கென்று திரும்பியது. மற்றக் கழித்தல் ஊசிகளையும் அப்படியே ஒவ்வொன்றாக. எட்டாவதில் இன்னொரு கடுகு இருந்தது. எண்ணெய் வைக்கவே இல்லை. இந்த ஊசிகளை உலர்வாக விடுவதுதான் நல்லது என்று எனக்குப் படுகிறது, இந்த ஊர்க் குளிருக்கு.

அன்று ராத்திரி பதினொன்றரைக்கு ஜன்னல் கதவைத் திறந்து வைத்து, மிஷினை நன்றாகக் குளிரவிட்டு, ஒரு லட்சத்திலிருந்து 7, 7 ஆகக் கழித்தேன். நூறு சுற்று. 99300. கை விறைத்ததே தவிர ஒரு பிசகு இல்லை. அம்மா மட்டும் போர்வைக்குள்ளிருந்து "கதவைச் சாத்துடா" என்று மூன்று தடவை சொன்னாள்.

அதற்குப் பிறகு எல்லாம் நடைதான். 547-க்கு ஈவு 485140, மீதி 73. 599-இல் மட்டும் ஒரு சறுக்கல், அது மிஷின்மேல் பழி இல்லை. ஈவு 443024 என்பதை 443042 என்று எழுதிவிட்டேன். ஒன்பது தள்ளினால் சரி என்றே வந்தது. இலக்கம் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாதே, எப்படிக் காட்டிக்கொடுக்கும்? சார்தான் நோட்டைப் புரட்டியபடி பதினொன்றால் சோதித்தார். வலமிருந்து ஒன்றைக் கூட்டி அடுத்ததைக் கழித்து என்று மாறி மாறிப் போகும் சோதனை. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் அது பிடித்துவிடும். அன்று முதல் இரண்டு சோதனையும். நேரம் கூடியது, ஆனால் நிம்மதியாகத் தூங்கினேன்.

தினம் நாலு எண், ஐந்து எண். ஒரு எண்ணுக்குக்கூட மீதி சுழியம் வரவில்லை. கரண்ட் போன இரண்டு ராத்திரியும் மெழுகுவத்தியில் சுற்றினேன். கரண்ட் இல்லாதபோதும் வேலை செய்கிற ஒரே பொருள் வீட்டில் அதுதான் என்று அம்மா பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மணிச் சத்தம் மட்டும் அவளுக்குப் பிடிக்கவில்லை. "நேரங்கெட்ட நேரத்துல கோயில் பூசை மாதிரி" என்பாள்.

பட்டியலின் வால் பகுதி வேடிக்கையானது. 16043, 16121, 16147, 16173, 16199, 16277 ஆறும் சல்லடையில் தங்கின, ஆனால் ஒன்றுகூடப் பகா எண் இல்லை. 16277 என்பது 41 × 397, 16199 என்பது 97 × 167. அதனால் நான் கடைசியாக வகுக்க வேண்டியது 15991.

கார்த்திகை தீபத்துக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் சாரைக் கூப்பிட்டேன். கைப்பிடியை அவரிடமே கொடுத்துவிட்டு, நான் வண்டியை நகர்த்தினேன். அவர் கூச்சமாக, ரொம்ப மெதுவாகச் சுற்றினார். மணி அடித்தபோதெல்லாம் கையை எடுத்துவிட்டார். ஈவு 16595. மீதி 1008. ஒன்பதிலும் சரி, பதினொன்றிலும் சரி.

"அப்ப பகா எண்தான்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "1-ஐ இதால வகுத்தாலும் பதிமூணு இலக்கத்துல திரும்பிரும், இல்லையா? ஒன்பது இலக்க எண்ணு, சுழற்சி வெறும் பதிமூணு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உண்மைதான். பதின்மூன்று இலக்கச் சுழற்சி உள்ள பகா எண்கள் உலகத்திலேயே மூன்றுதான்: 53, 79, 265371653.

டீ வந்தது. குடித்துக்கொண்டே, இதுவரை உடைத்ததை ஒரு தடவை ஒட்டிப் பார்க்கலாமே என்று தோன்றியது. 53 × 79 = 4187. லீவர்களில் 265371653 வைத்தேன். 4187 என்றால் மொத்தம் இருபது சுற்று. ஒன்றாம் இடத்தில் ஏழு சுற்று: 1857601571. வலது ஓரத்தில் ஒரு ஒன்று. வண்டியை நகர்த்தி எட்டு சுற்று: 23087333811. இரண்டு ஒன்று. நகர்த்தி ஒரு சுற்று: 49624499111. மூன்று. கடைசி இடம், நான்கு சுற்று. 314996152111. 580367805111. 845739458111. ஒவ்வொரு சுற்றிலும் ஆறாவது ஜன்னலை மட்டும் 8-ஆ 3-ஆ என்று குனிந்து பார்த்துக்கொண்டோம்.

இருபதாவது சுற்றை அம்மாவிடம் விட்டோம். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அப்பா சுற்றுகிற மாதிரியே ஒரே இழுப்பில் சுற்றினாள். உள்ளே ஊசிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுகிற சத்தம் வலமிருந்து இடமாக ஓடியது, பதின்மூன்று ஜன்னலிலும் ஒன்று.